கிளம்பாத விருந்தாளி

தையல்காரம்மா காலையிலிருந்து மெஷினைத் தொடவில்லை. பள்ளிக்கூடச் சட்டைகள் கை ஒரு பக்கம், காலர் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தன. நாளைக்குக் காலையில் வாங்கிப்போக ஆள் வந்து நிற்பார். ஆனால் வீட்டுக்கு வந்தவரை எதிரே உட்காரவைத்துவிட்டுக் கடகடவென்று மெஷினை ஓட்டினால் நன்றாகவா இருக்கும்? அதுவும் வந்திருப்பவர், இவள் மகளைக் கட்டிக்கொள்ளப்போகிற பையனின் அப்பா.

கட்டிக்கொள்ளப்போகிற என்று இப்போதே சொல்வதும் அவசரக் குடுக்கைத்தனம்தான். அவர் இன்னும் வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை. மகளும் பையனும் ஒரே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து, பழகி, அவர்களாகவே முடிவும் செய்துவிட்டார்கள். பையனின் அப்பா மேட்டுப் பக்கத்துக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்ணை அவருக்குப் பிடித்துவிட்டது. பெண்ணைப் பெற்றவளையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று தனியாகப் புறப்பட்டு வந்திருந்தார்.

"அம்மா, அவங்க பக்கத்துல மரியாதை ரொம்பப் பார்ப்பாங்க. உன் வாயை மட்டும் கொஞ்சம் கட்டி வை" என்று வேலைக்குக் கிளம்பும்போது மகள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்கா மரியாதை தெரியாது என்று தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மெஷினை மிதித்து வளர்த்த பிள்ளை, அம்மாவுக்குப் பாடம் எடுக்கிறது.

வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். காபியை ரசித்துக் குடித்தார். பையன் சின்ன வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அழுத கதையைச் சொன்னார். இவளும் மகள் கதை நாலு சொன்னாள். பேச்சு தீர்ந்தது. இனிமேல் அவர் "அப்போ நான் வரேன்" என்று எழுந்திருக்க வேண்டும். "என்ன அவசரம், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகலாமே" என்று இவள் தடுக்க வேண்டும். அவர் "இன்னொரு நாள்" என்று செருப்பை மாட்ட வேண்டும். இவளுடைய கீழ்ப் பக்கத்தில் உலகம் இப்படித்தான் நடக்கிறது. அது சும்மா பேச்சு என்று தடுக்கிறவருக்கும் தெரியும், போகிறவருக்கும் தெரியும்.

இந்த மனுஷன் எழுந்தால்தானே தடுப்பதற்கு! மதியம் வந்துவிட்டது. சாப்பாடு போட்டாள். பாராட்டிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, திரும்பவும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். செய்தித்தாளில் வரி விளம்பரம்வரை படித்து முடித்தார். இவளைப் பார்த்துச் சிரித்தார். இவளும் சிரித்தாள். கன்னம் வலித்தது. மகளுக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது; வேலை நேரத்தில் போனை அலமாரியில் பூட்டிவிடுவார்களாம்.

வெயில் சாய்ந்து டீயும் ஆயிற்று. சும்மா இருக்கப் பிடிக்காமல் அவர் ஒரு சட்டையை எடுத்து, தொங்குகிற நூலை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கத் தொடங்கினார். விட்டால் இங்கேயே குடியிருந்துவிடுவார்போல. கிளம்புங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, ஆனால் அதை எப்படிச் சொல்வது? கீழ்ப் பக்கத்தில் அது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். சொன்ன மறுநிமிஷம் மகள் கல்யாணம் போயே போச்சு.

அப்போது அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாக, "அப்புறம்?" என்றார்.

கட்டி வைத்த வாய் அவிழ்ந்துகொண்டது. "அப்புறம் என்னண்ணா அப்புறம்? உங்களை வீட்ல யாரும் தேட மாட்டாங்களா? எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. கிளம்புங்க!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. பாவி, பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே!

அவர் எழுந்து கைகூப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பாடா. சொல்லிட்டீங்களா, சம்பந்தியம்மா!"

சம்பந்தியம்மாவா? தையல்காரம்மாவுக்குத் தலை சுற்றியது.

"எங்க பக்கத்துல வீட்டுக்காரங்க கிளம்புங்கன்னு சொன்னாத்தான் கிளம்பணும். நாமளா எந்திரிச்சா, உங்க உறவே வேணாம்னு அர்த்தம். நீங்க சொல்லவே இல்லையா, என் பையனை உங்களுக்குப் பிடிக்கலையோன்னு பயந்துட்டேன். பஸ் ஓட்டுனப்பகூட நான் இவ்வளவு நேரம் ஒரே சீட்டுல உட்கார்ந்ததில்ல."

தன் பக்கத்து வழக்கத்தை இவள் சொன்னாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். இவள் பழக்க தோஷத்தில், "என்ன அவசரம், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகலாமே" என்றாள். அவர் செருப்பைக் கழற்றினார்.

"ஐயோ, அது சும்மா ஒரு பேச்சுக்கு! கிளம்புங்கண்ணா, கிளம்புங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகளை அழைத்துப் போக வாசலில் வேன் வந்து நின்றது. மூட்டை முடிச்செல்லாம் ஏறிவிட்டது, சொந்தக்காரர்களும் ஏறிவிட்டார்கள். மகள் மட்டும் நிலைப்படியில் நின்றாள். புகுந்த வீட்டு வழக்கத்தை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ சொன்னாத்தான் நான் கிளம்பணும்."

தையல்காரம்மா வாயைத் திறந்தாள். அன்றைக்கு வெட்டுத் துணியைப்போல விட்டெறிந்த வார்த்தைதான், இன்றைக்கு வெளியே வர மாட்டேன் என்றது. உள்ளே பார்த்தாள். மெஷினும் நாற்காலியும்தான் இருந்தன. ராத்திரி இந்த வீட்டில் இரண்டாவது தட்டுக்கு வேலை இருக்காது.

"என்ன அவசரம்" என்றாள். குரல் உடைந்தது. "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகலாமே."

வேனுக்குள்ளிருந்து யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். முன் சீட்டில் இருந்த சம்பந்தி இறங்கி வந்தார். சும்மா பேச்சு எது, நிஜம் எது என்று இப்போது அவருக்கும் தெரியும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போய் அன்றைக்கு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போடுங்க சம்பந்தியம்மா" என்றார். "நீங்க சொல்றப்போ கிளம்பலாம்."