கடைசி சீட்டு வரைக்கும்

ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பாட்டுக் கம்பெனிக்காரர் பொத்தானை அழுத்தி, "இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பாடும்மா" என்றார். காலையிலிருந்து அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். என் கொழுந்தியாள் மைக்கிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்து மறுபடியும் பாடினாள். மறுபடியும் குறைக்கச் சொன்னார். இன்னும் ஓர் அடி நகர்ந்தாள். இப்படியே போனால் மதியச் சாப்பாட்டுக்குள் இவள் கதவுக்கு வெளியே போய்விடுவாள் என்று டிரம்ஸ் கூண்டுக்குள் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். கடைசியில், வெறுத்துப்போய் அவள் வாய்க்குள் முனகியது இருக்கிறதே, அதுதான் அவருக்குப் பிடித்தது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதேதான். காதுல ரகசியம் சொல்ற மாதிரி" என்றார். வெளியே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அது ஒரு பழக்கம்.

"அத்தான், எதிர்ப்பக்கம் போறவனக் கூப்பிடற பாட்டு இது. காதுல சொன்னா அவன் எப்படித் திரும்புவான்?"

நான் குனிந்து டிரம்ஸின் திருகை முறுக்கினேன். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அந்தக் கம்பெனியில் எனக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் அவளுக்கு சைரன் என்று பெயர். நான் கல்யாணமாகி அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் வருவதற்கு முன்னால் அவள் சத்தம் வரும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அதுபோல, தெருமுனையில் தோழியோடு அவள் சிரித்தால் என் மனைவி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பாள். அக்காளும் லேசுப்பட்டவள் அல்ல. பஸ் கண்டக்டர். அம்மா போனபிறகு தங்கையை வளர்த்தது அவள்தான். நின்றுகொண்டு போகிற கூட்டத்துக்கு நடுவே முன் படியிலிருந்து அவள் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால், பின் சீட்டில் தூங்குகிறவன் எழுந்து பையைத் தேடுவான். இவ்வளவு கத்துகிறாயே என்று யாராவது கேட்டால், "கடைசி சீட்டுல இருக்கறவனும் அதே டிக்கெட்தானே வாங்கியிருக்கான்" என்பாள். தங்கை பள்ளிப் படிப்பு முடித்து ஒரு டயர் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். காற்றடிக்கிற கம்ப்ரஸர் பக்கத்திலேயே நாள் முழுவதும் உறுமும். அதன் சத்தத்துக்கு மேலே அவள் பாடுவாள். அந்தப் பாட்டையும் அங்கேதான் மெட்டுக்கட்டினாள். சாலையில் எதிர்ப்பக்கம் போகிற ஒருவனை, போகாதே, திரும்பிப் பார் என்று ஒரு பெண் கூப்பிடுகிற பாட்டு. வாடிக்கையாளர்கள் காற்றடித்து முடிந்த பிறகும் கிளம்பாமல் நிற்பார்கள் என்று முதலாளி பெருமையாகவும் புகாராகவும் சொல்வார்.

ஓட்டல்களிலும் அலுவலக ஆண்டு விழாக்களிலும் வாசிக்கும் எங்கள் குழுவுக்கு அவளை அழைத்து வந்தது நான். அங்கே கேட்டுத்தான் கம்பெனிக்காரர் அவளை ஒப்பந்தம் செய்தார். புலியைப் பிடித்துக்கொண்டு போய் அதற்கு மியாவ் சொல்லக் கற்றுக்கொடுக்கப் போகிறார் என்று யாருக்குத் தெரியும்? இப்போதெல்லாம் ஜனங்கள் ஹெட்போனில் கேட்கிறார்கள், மெல்லப் பாடினால்தான் எடுபடும் என்பது அவர் கட்சி. தென்றல் என்று ஒரு பெயரும் வைத்தார். சைரன் தென்றலான கதையைச் சொல்லி வீட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. அவளும் சிரித்தாள். ஆனால் முதல் பாட்டு வந்தது, கிணற்றில் போட்ட கல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதாகத்தான் அவளுடைய சொந்தப் பாட்டுக்கு இடம் கிடைத்தது. அதையும் சுருதியில் இரண்டு கட்டை இறக்கிவிட்டார்கள். அவள் குரல் திறக்கிற இடத்துக்கே பாட்டு போகாது. குடத்துக்குள் வைத்த விளக்கு என்பது அதுதான்.

இந்த மூன்றாவது பாட்டும் போணியாகாவிட்டால் கம்பெனி அவளை விட்டுவிடும். விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, ஆனால் ஒப்பந்தப்படி அதற்குப் பிறகும் சில வருஷங்கள் வேறு யாருக்கும் பாடக் கூடாது. பாடகியின் சில வருஷங்கள் என்பது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. டயர் கடை முதலாளி அவள் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை. அந்த நாற்காலியை நினைத்துத்தான் அவளுக்கு இரவெல்லாம் பயம். என்னிடம் சொன்னதில்லை, அக்காளிடம் சொல்லியிருக்கிறாள்.

மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு. தொலைக்காட்சியில் சனிக்கிழமை சாயங்காலம் நேரடியாக ஒளிபரப்பாகும் பாட்டு நிகழ்ச்சி. ஆளுக்கு ஒரு பாட்டு. கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ், அவ்வளவுதான் பக்கவாத்தியம்.

எங்கள் கீபோர்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் சோடாபுட்டி என்போம். கை சுத்தமான கை, ஆனால் மனிதருக்குக் கறுப்புக் கட்டைகள் என்றால் அலர்ஜி. எந்தச் சுருதிப் பாட்டாக இருந்தாலும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிப்பார். சுருதியை ஏற்றவும் இறக்கவும் கருவியில் ஓரமாக ஒரு பொத்தான் உண்டு. ஒரு தட்டுத் தட்டினால் அரைக் கட்டை ஏறும். விரல் அதே இடத்தில் போகும், சத்தம் வேறு இடத்தில் கேட்கும். பாடகருக்குத் தகுந்தபடி அதைத் தட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு வாசிப்பார். இதற்காக நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. ஏணி இருக்கும்போது எதற்காக மரத்தில் ஏறணும் என்று திருப்பிக் கேட்பார்.

அன்று மதியம் ஒத்திகை ஒழுங்காகத்தான் நடந்தது. இறக்கிய சுருதியில் அவள் சொன்னபடி முனகினாள், கம்பெனிக்காரர் தலையாட்டினார். பிறகு எங்களுக்கு முன்னால் வேறொரு குழு அதே கீபோர்டில் வாசித்துவிட்டுப் போனது. எங்கள் முறை வந்தது. என் மனைவி டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள், தோளில் டிக்கெட் பையோடு. முன் வரிசையில் இடம் இருந்தும் போகாமல் பார்வையாளர்களின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். டிரம்ஸ்காரன் பிழைப்பில் ஒரு விசேஷம் உண்டு, ஊர் முழுக்க முகத்தைப் பார்க்கும், நாங்கள் முதுகைப் பார்ப்போம். கொழுந்தியாளின் முதுகு மேடைக்கு வந்தது, கையில் தண்ணீர் பாட்டில். மைக்குக்குப் போகிற வழியில் கீபோர்டு ஓரத்தில் அந்தப் பாட்டிலை வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சோடாபுட்டி பதறினார். தண்ணீர் சிந்தினால் கருவி போச்சு என்றார். மன்னிப்புக் கேட்டு எடுத்துக் கீழே வைத்தாள். விளக்கு மாறியது.

பாட்டு கீபோர்டு மட்டும் தனியாக வாசிக்கத் தொடங்கும். முதல் வரியை அவள் பாடி முடித்த பிறகுதான் பேஸ் கிட்டார்க்காரருக்கும் எனக்கும் வேலை. சோடாபுட்டி விரலை வைத்தார். வைத்தவுடனே அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறின. பேஸ் கிட்டார்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பேயைப் பார்த்தவர் போல. எனக்குச் சுருதி ஞானம் கம்மி, டிரம்ஸுக்கு அது தேவையுமில்லை. ஆனாலும் பாட்டு வேறு எங்கோ உயரத்தில் நிற்கிறது என்று எனக்கே கேட்டது. கழித்த இரண்டு கட்டையும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. ஓரம் பார்த்து வாசித்துக்கொண்டே பொத்தானைத் தட்ட முடியாது, தட்டினால் நடு வரியில் சுருதி இடறும். நேரடி ஒளிபரப்பு. அந்த உயரத்தில் முனகவும் முடியாது. ஒன்று பாட வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு மேடையை விட்டு இறங்க வேண்டும்.

அவள் மைக்கைத் தாங்கியோடு பிடித்துத் தள்ளி வைத்தாள். மூச்சு இழுத்ததில் முதுகு விரிந்தது.

எத்தனையோ பேர் அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். எனக்கு எழுதத் தெரியாது, கண்டதைச் சொல்கிறேன். முதல் சொல்லிலேயே ஒலிப்பதிவுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் கை குறைத்துக்கொண்டே போனது, குரல் ஏறிக்கொண்டே போனது. கேமராக்காரர் கேமராவை விட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். என் டிரம்ஸின் தட்டு, நான் தொடாமலே, மெல்ல அதிர்ந்தது. அத்தனை சத்தத்திலும் கத்தல் இல்லை. கூப்பிட்டாள், அவ்வளவுதான். போகிறவனுக்குக் கேட்டே ஆகவேண்டும் என்று கூப்பிட்டாள். முதல் வரி முடிந்தபோது பேஸ் கிட்டார்க்காரரின் கை நாலு கட்டம் மேலே ஏறிச் சரியான இடத்தில் இறங்கியது. நானும் விழுந்தேன். என் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை. டிரம்ஸுக்குக் கண் வேண்டாம் என்பது நல்லதாகப் போயிற்று. முடிந்ததும், யாரும் கைதட்டுவதற்கு முன்னால், கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில் கேட்டது. கண்டக்டர் விசில். அதற்குப் பிறகு இடிந்து விழுந்த மாதிரி கைதட்டல்.

வெளியே வந்ததும் கம்பெனிக்காரர் சோடாபுட்டியைப் பிடித்துக்கொண்டார். முந்தின குழு ஏற்றி வைத்துவிட்டுப் போனதைக் கவனிக்காமல் ஒருவன் எப்படி உட்காருவான் என்று அவர் காய்ச்சிய காய்ச்சலில் மனிதர் கூனிக்குறுகிப் போனார். இனி என் வேலையில் உனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்காரர் காரில் ஏறினார். கொழுந்தியாள் ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்து, அவர் இல்லாமல் நான் பாடமாட்டேன் என்று சொன்னது எனக்கு அப்போது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. அவள் முகம் வெளுத்திருந்தது.

திங்கட்கிழமை அவளுடைய அக்காள் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். அத்தனையும் அந்தப் பாட்டைப் பாடின, அவள் பாடிய உயரத்தில், தொண்டை கிழிய. டிக்கெட் கொடுக்கிறவள் யாருடைய அக்காள் என்று ஒன்றுக்கும் தெரியாது. என் மனைவி அன்று இறங்க வேண்டியவர்களை இறக்கிவிடாமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்த் திட்டு வாங்கினாள். கம்பெனிக்காரருக்கு வியாழக்கிழமைக்குள் ஞானம் பிறந்துவிட்டது. இந்தக் குரலை அடக்கி வைத்திருந்து சரியான நேரத்தில் திறந்துவிட வேண்டும் என்பதுதான் தன் திட்டமே என்று பத்திரிகையில் சொன்னார். தென்றல் என்ற பெயரையும் எடுத்துவிட்டார். சைரன் என்றே சுவரொட்டி அடித்தார்கள். டயர் கடை முதலாளி அந்தச் சுவரொட்டியைக் கம்ப்ரஸருக்கு மேலே ஒட்டினார், நாற்காலியில் வேறு ஆளை வைத்தார்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். சின்ன அரங்கு, பெரிய அரங்கு, வேறு நாடு, விமானம். அவள் பெரிய ஆளாக ஆக, சோடாபுட்டியின் தப்பும் கூடவே வளர்ந்தது. முதலில் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார். அப்புறம் லேசாகச் சிரித்தார். அப்புறம் அவராகவே சொல்ல ஆரம்பித்தார். இப்போது பேட்டி எடுக்க யார் வந்தாலும், "நான் மட்டும் அன்னிக்குப் பொத்தானைப் பாத்திருந்தேன்னு வைங்க" என்றுதான் தொடங்குவார். அவளும் பேட்டிகளில், அவர் தப்பு செய்யாவிட்டால் நான் இன்றைக்கும் பில்தான் போட்டுக்கொண்டிருப்பேன் என்பாள். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

போன மாதம் விளையாட்டு மைதானத்தில் நிகழ்ச்சி. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய இடம் கிடையாது. மேடையிலிருந்து பார்த்தால் கடைசி வரிசை மனிதர்களாகத் தெரியாது, புள்ளிகளாகத் தெரியும். என் மனைவிக்கு மேடைக்கு முன்னால் சோபா போட்டிருந்தார்கள். அவள் அதில் கைப்பையை உட்கார வைத்துவிட்டு மேலே ஏறி, கூரையைத் தொடும் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். ஓய்வு பெற்ற பிறகும் புத்தி மாறவில்லை. எல்லாப் பாட்டும் முடிந்து, கடைசியாக அந்தப் பாட்டு. அது தொடங்கப் போகிறது என்று தெரிந்ததும் மைதானம் மொத்தமும் அடங்கியது.

அவள் உள்ளே போய் முகம் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தாள், கையில் தண்ணீர் பாட்டில். போகிற வழியில் கீபோர்டு ஓரத்தில் அதை வைத்தாள். சோடாபுட்டி முன் வரிசையில் யாருக்கோ கையசைத்துக்கொண்டிருந்தார். பாட்டிலுக்குப் பின்னால் அவள் சுண்டுவிரல் நகர்ந்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அன்று முகம் கிடைத்தது. என் வாய் திறந்திருக்க வேண்டும். கிட்டே வந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, கம்பெனிக்காரர் ஆசைப்பட்ட அந்த ரகசியக் குரலில் சொன்னாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க அத்தான். பாவம், அன்னிக்கு நடந்தது அவரோட தப்பாவே இருக்கட்டும்."

எப்போதும் பாடுவதற்கும் ஒரு கட்டை மேலே, இந்தப் பாட்டை இந்த உயரத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்கமாட்டாள். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போய் நின்றாள். சோடாபுட்டி வெள்ளைக் கட்டைகளில் விரலை வைத்தார். அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறின. பேஸ் கிட்டார்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குச்சிகளை உயர்த்திப் பிடித்தேன். முன்னால் அவள் முதுகு விரிந்தது. வெகு தூரத்தில், கூரைக்குக் கீழே, ஒரு புள்ளி மட்டும் எழுந்து நின்று விசிலை வாயில் வைத்தது.