நிற்கக் கூடாத சரக்கு

அச்சின் வாயிலிருந்து கறுப்புப் பட்டை வந்துகொண்டிருந்தது. கார்க் கதவின் இடுக்கை அடைக்கிற பட்டை. அது ஆறுகிற தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வந்ததும் அவள் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். சொரசொரத்தது. சூட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வாசலைப் பார்த்தாள்.

சங்கு ஊதி வெகுநேரம் ஆகிவிட்டது. அடுத்த ஷிப்டுக்கு இந்த மெஷினில் நிற்க வேண்டியவன் அவள் புருஷன்தான். பிள்ளையோடு ஒருவர், இங்கே ஒருவர். இருவரும் முகம் பார்த்துப் பேசுவதே மெஷினடியில் என்பதால், புதுப்பெண் மாப்பிள்ளை என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

வெறும் பிளாஸ்டிக் என்றால் அணைத்துவிட்டுப் போகலாம்; மறுபடி சூடாக்கினால் உருகிக்கொள்ளும். இது ரப்பர் கலந்தது. ஓட்டம் நின்றால் குழலுக்குள்ளேயே வெந்து இறுகிவிடும், அப்புறம் எந்தச் சூட்டுக்கும் இளகாது. பாழாய்ப்போன சரக்கைப் பெற்ற பிள்ளையைவிடப் பொத்திப் பொத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. காலையில் பாப்பாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. விசாரிக்கலாம் என்றால் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"மருந்தெல்லாம் வாந்தி எடுத்துட்டா. இப்பதான் கண் அசந்தா."

"யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

அவன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"பக்கத்து வீட்டு அக்கா வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், வரல. நான் வராம உன்னையும் விடமாட்டாங்க. வெளிய பூட்டிட்டு வந்துட்டேன். நீ ஓடு."

ஏப்ரனை அவிழ்ப்பதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"ரெண்டாம் மெஷின்ல நின்னவர் மயங்கி விழுந்துட்டாரு. வேற ஆள் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கம்மா."

"சார், காய்ச்சல்ல கிடக்குற பிள்ளைய வச்சுப் பூட்டியிருக்கு."

"நான் ரெண்டையும் பாத்துக்கறேன் சார்," என்றான் அவன்.

"இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவியா? உள்ள சரக்கு இருக்குப்பா. இறுகிப்போச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் சேத்துதான் வெளிய அனுப்புவாங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. புருஷன் அவளைப் பார்க்காமல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டாம் மெஷினில் பட்டை ஏற்கெனவே திப்பித் திப்பியாக வந்துகொண்டிருந்தது. அவள் போய் நின்றதும் அறுந்து தரையில் சுருண்டது. சேர்த்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள்.