கோதுமையை விட்டுப்போக ஓர் இடம்

கிராம சேவகர் சைக்கிளைக் களத்து ஓரம் சாய்த்துவிட்டு அந்தச் செய்தியைச் சொன்னபோது கெங்கம்மாள் பதர் தூற்றிக்கொண்டிருந்தாள். முறத்தை இறக்கவில்லை. அவர் சொல்லி முடித்த பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஜப்பான் முறையில் கயிறு பிடித்து வரிசை நடவு செய்து, அந்தப் பிர்க்காவிலேயே அதிகமாக நெல் கண்டவர் என்று அவள் புருஷன் மணவாளன் பெயரை மேலே எழுதி அனுப்பியிருந்தார்கள். அதற்காகச் சர்க்கார் விடும் விவசாயிகள் ரயிலில் புருஷன் பெண்சாதி இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. இருபத்தெட்டு நாள் பயணம். நாகபுரி, டில்லி, ஆக்ரா, கட்டிக்கொண்டிருக்கும் பக்ரா அணை என்று சேவகர் விரல் மடக்கினார். பொன்னேரியைத் தாண்டினால் மதராஸ், திருவள்ளூர், அதற்கு அப்பால் போனதே இல்லை கெங்கம்மாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு வைக்கோற்போரின் அடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

நாயின் பெயர் கோதுமை. ரேஷனில் அரிசி கிடைக்காமல் கோதுமை போட்ட வருஷம் அது வந்து சேர்ந்தது. அந்தத் தானியத்தை என்ன செய்வதென்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. கெங்கம்மாள் கஞ்சி காய்ச்சினாள். மணவாளன் ஒரு வாய் குடித்துவிட்டுச் சட்டியைத் தள்ளிவைத்தான். வேலி முள்ளுக்கு அடியிலிருந்து ஒரு குட்டி வந்து மொத்தச் சட்டியையும் நக்கிக் காலி செய்தது. அந்தக் கஞ்சியை மெச்சிய ஒரே ஜீவன் அதுதான். நிறமும் அதே நிறம். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஏழு வருஷமாக அது ஓடித் திரிந்தது. அதனிடம் ஒரே ஒரு கோளாறு உண்டு. முன்பு ஒருமுறை இருவரும் திருவள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பக்கத்து நிலத்துக்காரரிடம் அதை விட்டுப்போனார்கள். அவர்கள் ரயிலேறியதைப் பார்த்திருந்த நாய், விசில் கேட்கும்போதெல்லாம் மூன்று மைல் ஓடிப் பொன்னேரி ஸ்டேஷனில் போய் நின்றது. வருகிற வண்டி ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கிப் பார்த்ததாம். இரண்டாம் நாள் தண்டவாளத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் ஆளனுப்பினார். அவர்களுடைய ஊரோ விசில் சத்தம் தெளிவாகக் கேட்கும் தூரத்தில் இருந்தது; இனி ஊருக்குள் யாரிடமும் அதை விட்டுப்போக முடியாது.

"அத்த ஒரு நல்ல எடத்துல விட்டாத்தான் நான் ரயிலேறுவேன்" என்று கெங்கம்மாள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

முதலில் ஆரணிக்குப் போனார்கள். மணவாளனின் சித்தப்பா மகன் வரதன் அங்கே நூல் வியாபாரம் செய்தான். மனுஷன் தங்கமானவன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றான். காப்பி வந்தது. கெங்கம்மாள் டம்ளரோடு கொல்லைப்பக்கம் போய், அங்கே கட்டியிருந்த அவர்களுடைய கறுப்பு நாயைப் பார்த்தாள். தடவிக்கொடுக்கக் கை நீட்டினால் அது பின்வாங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டது. கழுத்தைச் சுற்றி முடியே இல்லை. சங்கிலி உரசி உரசித் தோல் பளபளவென்றிருந்தது. புதுச் சங்கிலி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது, ஒன்றும் வாங்க வேண்டாம் என்று வரதன் பின்னாலிருந்து சந்தோஷமாகச் சொன்னான். அவள் காப்பியைக் குடித்து முடித்து, பிள்ளைகளின் படிப்பையெல்லாம் விசாரித்துவிட்டு, வண்டியில் ஏறியதும் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

அடுத்து மதராஸ். வேப்பேரியில் துரைமார் காலத்திலிருந்தே நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு ஒன்று இருப்பதாகக் கிராம சேவகர் எங்கோ விசாரித்து வந்திருந்தார். அதை நடத்தியவர் யேசுதாஸ். ஒரு வெள்ளைக்கார மிருக வைத்தியரிடம் சமையல்காரராக இருந்தவர். துரை கப்பலேறும்போது ஆறு நாய்களை இவரிடம் விட்டுப்போனார். அதிலிருந்து இதுவே தொழிலாகிவிட்டது. கோடையில் ஊட்டிக்குப் போகிற பெரிய மனிதர்கள் தங்கள் நாய்களை இவரிடம்தான் விடுவார்கள்.

கெங்கம்மாள் ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை, தனிப் பாய், கதவில் பெயர்ப்பலகை. வேகவைத்த கறியும் சோறும் அளந்து வைத்திருந்தார்கள். சடை சடையாக முடி தொங்கிய ஒரு நாய் அவள் புடவை முந்தானையை மோந்து பார்த்துவிட்டு, மாட்டு வாசனை பிடிக்காமல் தும்மியது. அவளுக்கு அதுவும் பிடித்திருந்தது. கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தாள். இங்கேயே விட்டுவிடலாம் என்று புருஷன் பக்கம் திரும்பியபோது தொலைவில் ரயில் கூவியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

அவள் முகம் விழுந்ததைப் பார்த்து யேசுதாஸ் காரணம் கேட்டார். அவள் பொன்னேரி ஸ்டேஷன் கதையைச் சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் சமாளிக்கலாம் என்று சொல்லி நாயை வாங்கிப் போட்டிருப்பார்கள். யேசுதாஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து யோசித்தார்.

"அப்போ இது அதுக்கு எடம் இல்லம்மா. இங்க விடிஞ்சா பொழுதுபோனா விசில்தான். பைத்தியம் புடிச்சுரும்" என்றார். பிறகு, "வேற எங்க விட்டாலும் ஒண்ணே ஒண்ணு கேளு. நாயி சாப்புடலன்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேளு. ரெண்டு போட்டா துன்னும்னு சொன்னாலும் விட்டுட்டு வராத. அதெல்லாம் துன்னும்னு சிரிச்சாலும் விட்டுட்டு வராத" என்றார்.

அப்படியானால் என்ன சொன்னால் விடலாம் என்று மணவாளன் கேட்டான். அது கேட்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும் என்று சொல்லி, அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ரயிலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. கெங்கம்மாள் புருஷனிடம், நீ மட்டும் போய் வா, நெல் விளைவித்தவன் நீதானே என்றாள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது யார் என்று அவன் கேட்டான். அவள் வராவிட்டால் தானும் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, புதிதாக வாங்கிவந்திருந்த டிரங்குப் பெட்டியை எடுத்துப் பரண்மேல் போட்டான். இரண்டு நாள் வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

மூன்றாம் நாள் பழவேற்காட்டுக்கு நெல் வண்டி கட்டினார்கள். அங்கே ஷஃபியுல்லா என்பவர் நெல்லும் கருவாடும் வியாபாரம் செய்தார். வருஷா வருஷம் புது நெல் அவருக்குத்தான் போகும். முதல் வண்டியோடு கெங்கம்மாளும் போய் அவர் மனைவி குல்சுமைப் பார்த்து, ஒரு பொழுது இருந்துவிட்டு வருவது வழக்கம். கோதுமை வழியெல்லாம் வண்டியின் நிழலிலேயே ஓடிவந்தது. பழவேற்காடு போய்ச் சேர்ந்ததும் கிடங்கு வாசலில் படுத்துக்கொண்டு, ஏரிக்காற்றை மூக்கைத் தூக்கித் தூக்கி மோந்தது.

நாயைப் பற்றி அந்த வீட்டில் வாய் திறக்கக் கெங்கம்மாளுக்கு எண்ணமே இல்லை. அவர்கள் வீட்டுக்குள் நாயைச் சேர்ப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். கேட்டு, அவர்கள் இல்லை என்று சொல்லி, இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு சங்கடம் எதற்கு? ஆனால் குல்சும் விடவில்லை. டில்லிக்குப் போகிறவள் முகமா இது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எல்லாவற்றையும் அவள் வாயிலிருந்து வரவழைத்துவிட்டாள்.

கேட்டு முடித்ததும் குல்சும் எழுந்து போய்க் கிடங்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து நாயைப் பார்த்தாள். கோதுமை வாலை ஒரு தடவை தரையில் தட்டியது.

"இங்க விட்டுட்டுப் போக்கா" என்றாள் குல்சும். "ஊட்டுக்குள்ள வேணாம். தொழுவுற எடத்துப் பக்கம் வேணாம். கெடங்கும் முத்தமும் அதுக்கு. காவக்கார தேசப்பன் இருக்காரு, அவருகூட இருக்கட்டும். ரயிலு சத்தமே இங்க கெடையாது, நான் கண்ணாலம் ஆயி வந்து பதினஞ்சு வருசமா ஒரு விசிலு கேட்டது இல்ல."

உள் அறையில் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்த ஷஃபியுல்லாவும், கிடங்கில் எலித் தொல்லை தாங்கவில்லை, நாய் இருந்தால் தனக்கு நல்லதுதான் என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

இருந்தாலும் கெங்கம்மாளால் யேசுதாஸ் சொன்னதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அது சாப்புடலன்னா இன்னா பண்ணுவ, குல்சு?"

குல்சும் மறுபடி நாயைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் நெல்லூருலேர்ந்து வந்த புதுசுல மூணு நாளு சாப்புடல" என்றாள். "எங்க மாமி திட்டவும் இல்ல, கெஞ்சவும் இல்ல. வேளா வேளைக்குத் தட்டக் கொண்டாந்து வெப்பாங்க, திரும்பிப் பாக்காமப் போய்டுவாங்க. நாலாம் நாளு எனக்கே பசிச்சுது. நானும் அப்டித்தான் வெப்பேன்."

கெங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும் மணவாளன், அவள் கேட்காமலே பரண்மேல் ஏறி டிரங்குப் பெட்டியை இறக்கினான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் கோதுமையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது தூங்கும்போது நழுவிவிடலாம் என்று தேசப்பன் யோசனை சொன்னார். கெங்கம்மாள் அதற்கு ஒப்பவில்லை. அதன் எதிரில் குந்தி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இருபத்தெட்டு நாள், வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியேறினாள். நாய் தெருமுனை வரைக்கும் வண்டியோடு வந்தது. தேசப்பன் பின்னாலிருந்து சீழ்க்கை அடித்தார். அது நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. வண்டி திரும்பிவிட்டதால் அப்புறம் என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரயிலில் இருநூறு முந்நூறு விவசாயிகள். கோயமுத்தூர்க்காரர் பருத்தியைப் பற்றிப் பேசினார், தஞ்சாவூர்க்காரர் யார் பேசினாலும் மறுத்துப் பேசினார். கெங்கம்மாள் ஜன்னலை விட்டு நகரவில்லை. மண்ணின் நிறம் மாறுவதையும் மாட்டின் கொம்பு மாறுவதையும் கண்கொட்டாமல் பார்த்துவந்தாள். பெரிய பெரிய ஆறுகள் வந்தபோது, நம்ம ஆரணியாற்றை இதில் ஒரு மூலையில் வைக்கலாம் என்று புருஷன் தொடையைத் தட்டிச் சொன்னாள். கோதுமை ஞாபகம் சாப்பிடும்போது மட்டும் வந்தது. வடக்கே எங்கே பார்த்தாலும் கோதுமை வயல். அந்தப் பெயரை நாள் முழுக்க யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

டில்லி முகாமில் ஷஃபியுல்லா எழுதிய கார்டு காத்திருந்தது. மணவாளனுக்குத்தான் படிக்கத் தெரியும். அவனோ கண்ணாடியை நாகபுரியில் தொலைத்திருந்தான். கார்டைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தான். "மு... தல்... இர... ண்டு... நா... ளும்... ஒன்... றும்... சாப்... பிட... வில்லை" என்று வந்ததும் கெங்கம்மாள் மூட்டையைக் கட்ட எழுந்துவிட்டாள். இரு, இன்னும் இருக்கிறது என்று அவன் அதட்டினான். அடுத்த வரிக்கு வர அவனுக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. அதற்குள் அவள் அழுதும் முடித்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் குல்சும் தானே தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள், தேசப்பன் வந்து பார்க்கும்போது தட்டு காலி, இப்போது இரண்டு வேளையும் மீன்சோறு என்று எழுதியிருந்தது. இத்தனை நல்ல சேதியை இத்தனை மெதுவாகப் படித்ததற்காக அவள் அவனை அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். மறுநாள் பக்ராவில், மலையிடுக்கில் யானை யானையாக நின்ற யந்திரங்களை அவள் கவலையில்லாமல் பார்த்தாள்.

ஊர் திரும்பியதும் வீட்டுக் கதவைக்கூடத் திறக்கவில்லை. பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு, நேரே பழவேற்காட்டுக்கு வண்டியை விடச் சொன்னாள்.

கிடங்கு முற்றத்தில் நாய் இல்லை. அவள் பதறுவதற்குள் குல்சும் சிரித்தபடி ஏரிப்பக்கம் கையைக் காட்டினாள். தேசப்பன் மீன்பிடிக்கப் போகும் படகு வந்துகொண்டிருந்தது. அதன் முன்முனையில், கப்பல் ஓட்டுகிறவன் மாதிரி, நாலு காலையும் ஊன்றி நின்றது கோதுமை. நன்றாகத் தடித்திருந்தது. முதல் வாரத்தில் படகைப் பார்த்துக் கரையிலேயே நின்று குரைத்ததாம்; இரண்டாம் வாரத்திலிருந்து அதை ஏற்றாமல் படகைத் தள்ள முடியவில்லையாம்.

கெங்கம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, "கோதுமே" என்று கூப்பிட்டாள். படகில் நின்ற உருவம் ஒரு கணம் அசையவே இல்லை. அடுத்த கணம் தண்ணீரில் விழுந்து நீந்தியது. தலை மட்டும் தெரிந்தது. வந்த வேகத்தில் அவளைத் தள்ளிச் சேற்றில் உட்கார வைத்துவிட்டு, முகம், கழுத்து, காது என்று நக்கி, ஊளையும் குரைப்பும் கலந்து ஏதோ ஒரு சத்தம் போட்டது. பிறகு மணவாளனிடம் ஓடி அதையே செய்தது. பிறகு மறுபடி அவளிடம். டில்லிக்குக் கட்டிக்கொண்டு போன பட்டுக்கரைப் புடவை முழுக்கச் சேறு. கரையில் நின்ற ஷஃபியுல்லா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

குல்சும் அவளை இழுத்துக்கொண்டு போய்க் குளிக்க வெந்நீர் ஊற்றி, தன் புடவை ஒன்றைக் கட்டக் கொடுத்தாள். ஆக்ராவில் வாங்கிய கண்ணாடி வளையலை அவள் கையில் மாட்டிவிட்டுக் கெங்கம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். அணையைச் சொன்னாள், பளிங்கு மாளிகையைச் சொன்னாள், தஞ்சாவூர்க்காரர் ரொட்டியோடு சண்டை போட்டதை நடித்தே காட்டினாள். குல்சும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

வெயில் தாழ்ந்ததும் வண்டி பூட்டினார்கள். கோதுமை யாரும் சொல்லாமலே வண்டிக்கு முன்னால் ஓடியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, இருவரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் ஓடியது.