இடக்கைக்கு எண்ணெய் இல்லை

ஹைமவதியின் மனநிம்மதி, பதினான்கு நாளுக்கு ஐயாயிரத்து நூறு ரூபாய். இரிஞ்ஞாலக்குடாவில் சுக்கு மொத்த வியாபாரம் பார்க்கும் அவள் கணவர் குட்டிசங்கரன் விலை குறைத்துக் கேட்டுப் பார்த்தார். மருந்துக்கடைக்காரன் சிரித்ததோடு சரி.

பொருள் ஒரு சின்ன வில்லை. இடது மேற்கையில் ஒட்டிக்கொண்டு, ரத்தச் சர்க்கரையை அவர் போனுக்குச் சொல்லும். அது வீட்டிலிருக்கும் அவள் போனுக்குச் சொல்லும். போன மாதம் கோயில் குளத்தில் நீந்தும்போது சர்க்கரை இறங்கி அவருக்குக் கண் இருட்டியது. கூட்டாளி ராரிச்சன்தான் முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். அன்றே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: வில்லை இருந்தால் குளம், இல்லாவிட்டால் குளியலறை வாளி. நாற்பது வருடமாகக் குளத்தில் விடிந்தவருக்கு வாளி என்பது பாதிச் சாவு.

நனையலாம் என்று கடைக்காரன் சொன்னான். விற்கிறவன் வாக்கை வியாபாரி நம்பலாமா? போதாததற்கு, தண்ணீருக்குள் வில்லை ஊமை; இருபது நிமிடம் ஊமையானால் அவள் போன் அலறும். ஆகவே முதல் எட்டு நாளும் இடக்கையைத் தூக்கியபடியே நீந்தினார்.

"என்ன சேட்டா, ஏலத்துல கேக்குறீங்களா? குளம் எவ்வளவுக்குப் படிஞ்சுது?" என்றான் படியில் போனோடு உட்கார்ந்திருந்த ராரிச்சன்.

"வாய மூடிட்டுப் போனப் பாருடா. எத்தன?"

"நூத்திப்பத்து. உங்க சுக்கு விலைய விட நிதானமா நிக்குது."

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல். உச்சி முதல் பாதம் வரை, வில்லையின் ஓரத்தையும் விடாமல் தேய்த்து, அரைமணி ஊறவிட்டார். தண்ணீரைச் சந்தேகித்தவர் எண்ணெயைச் சந்தேகிக்கவில்லை. நாலு வீச்சு நீந்துவதற்குள் வில்லை வழுக்கிக் குளத்தில் போயிற்று. தூக்கிய கை தூக்கியபடி, வெறுங்கை.

தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ராரிச்சன் எடுத்தான்.

"சேச்சி, சேட்டன் மேலதான் இருக்காரு. வில்லைதான் அடியில போச்சு."

வீட்டில் ஹைமவதி வாளியைக் கழுவி வைத்திருந்தாள்.

"இன்னும் அஞ்சு நாளைக்குக் காசு குடுத்திருக்கு. அது முடியாம புதுசு வாங்க மாட்டேன்" என்றார்.

"அப்ப அஞ்சு நாளும் வாளி."

"ரெண்டு நாள்."

அவள் யோசித்தாள். "குளத்துக்கே போங்க. எதிர்ல பொம்பளைங்க துறையில நான் உக்காந்திருப்பேன். நூறு எண்ணுறதுக்குள்ள கரையேறணும்."

"இருநூறு."

"நூத்தம்பது. ராரிச்சன் கையில கற்கண்டு இருக்கணும்."

படிந்தது. அடுத்த வில்லை வரும்வரை குளத்தின் குறுக்கே அவள் எண்ணும் குரல் கேட்டது.

வில்லையில் ஐந்து நாள் நஷ்டம். படித்துறையில் ஹைமவதி உட்கார்ந்த காலைகள் ஐந்து, வரவு. இடக்கைக்கு எண்ணெய் மட்டும் இன்றுவரை பாக்கி.