ஊதாக் கெளுத்தி

இந்தோனேசியாவின் மலாங் நகரத்தில் பேனர் அச்சடிக்கும் கடைகள் நாற்பதுக்குக் குறையாது. அவற்றில் வினார்சி வேலை பார்க்கிற கடைச் சுவரில் மட்டும்தான் எறும்பு மருந்து அடித்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. போன வருஷம் ஒரு பழக்கடைக்காக அவள் ரம்புத்தான் பழக்குலைப் படம் ஒன்றுக்கு நிறம் போட்டாள். அச்சடித்த பேனரைக் காயப்போட்ட சுவரில் முதல் நாள் ஒரு வரிசை எறும்பு ஏறியது, மூன்றாம் நாள் நாலு வரிசை. நகராட்சி ஆள் வந்து பார்த்துவிட்டு, "எறும்புகள் ஏமாற்றப்பட்டுள்ளன" என்று எழுதிக்கொண்டு போனார். இதில் நான் எதையும் கூட்டவில்லை. மனசுக்கு ஒப்பவில்லை என்றால் நாலு வரிசையை மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. யாராவது காகிதத்தில் கோட்டுப்படம் வரைந்து கொண்டுவந்தால் ஸ்கேன் செய்வாள். காகிதத்தின் மஞ்சளையும் கைரேகை அழுக்கையும் நீக்கிவிட்டு, கறுப்புக் கோட்டை மட்டும் கண்ணாடிமேல் எழுதினமாதிரி மேல் அடுக்கில் நிறுத்துவாள். அதற்குக் கீழே ஓர் அடுக்கில் முதலில் கண்டமேனிக்கு நிறங்களைக் கொட்டுவாள். கோழிக்கு நீலம், வாத்துக்கு ரோஸ், சோற்றுக்குப் பச்சை. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒன்றோடொன்று சேரக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. பிறகு கணினியில் மந்திரக்கோல் என்கிற கருவியால் ஒரு தட்டு தட்டினால் அந்தப் பகுதி மட்டும் பிடிபடும், அதில் நிஜ நிறத்தை ஏற்றுவாள். முடிந்ததும் பைத்தியக்கார அடுக்கை மூடிவிடுவாள். வாடிக்கையாளர் ஒருத்தர்கூட அதைப் பார்த்ததில்லை.

"அடுப்படியை யாராச்சும் விருந்தாளிக்குக் காட்டுவாங்களா?" என்பாள்.

அந்தப் புதன்கிழமை காலையில் வந்தவர் முக்ரி. பொரித்த கெளுத்தி மீனும் மிளகாய்ச் சம்பலும் விற்கிற லமோங்கான் ஊர்க்காரர். நடைபாதை முனையில் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடாரம் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் இடம் குச்சியில் கறி சுட்டு விற்கிற சாத்தே கடைக்காரனுக்கு என்று சந்தை மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அந்த மாதிரிக் கூடாரத்துக்கு முன்சுவரே பேனர்தான். பேனர் இல்லையென்றால் நாலு மூங்கிலும் ஒரு அடுப்பும்தான் மிச்சம்.

முக்ரி ஒரு பழைய காலண்டர் தாளைப் பிரித்தார். பின்பக்கத்தில் ஓரமாகக் கோழி, வாத்து, சோறு; நடுவில் தூரிகையால் வரைந்த கெளுத்தி. தலையில் தொடங்கி வாலுக்குப் போய்த் திரும்பி மீசையில் முடிகிற ஒரே கோடு. வினார்சி தாளில் படாமல் விரலை அந்தக் கோட்டின்மேல் ஓட்டிப் பார்த்தாள்.

"சாக், இதை நீங்களா போட்டீங்க?" என்று கேட்டாள். லமோங்கான் பக்கத்து அண்ணன்மாரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எங்க ஊர்ல நடக்கப் பழகுறதுக்கு முன்னாடி இதைப் போடப் பழகிடுவோம், தங்கச்சி. கோட்டை மட்டும் தொட்றாத. நிறம் உன் பாடு. ஆனா மீன் உசிரோட இருக்கணும்."

அவர் அப்படிச் சொன்னதற்குள் ஒரு விஷயம் இருந்தது. முக்ரியின் ஊர்க்காரர்கள் கெளுத்தி சாப்பிடமாட்டார்கள். அவர்களுடைய முன்னோர் ஒருவரை எதிரிகள் துரத்தியபோது அவர் குளத்தில் குதித்தாராம். கெளுத்திகள் கூட்டமாக மேலே வந்து மூடிக்கொண்டன. இத்தனை மீன் நிம்மதியாகப் புரளுகிற இடத்தில் ஆள் எப்படி இருப்பான் என்று எதிரிகள் திரும்பிப்போனார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் கெளுத்தி வாயில் படாது. பொரித்து விற்பதற்குத் தடை இல்லை.

அச்சு யந்திரத்தை ஓட்டுகிற காத்தோட்டுக்கு வாய் சும்மா இருக்காது. "சாக், தினம் இருநூறு மீனை எண்ணெயில போடுறீங்க. துணியில இருக்கிற ஒண்ணுமேல என்ன இவ்வளவு பாசம்?"

"எண்ணெயில போடுறது பொழப்பு. வாசல்ல தொங்கவிடுறது மரியாதை. செத்த மீனை வாசல்ல தொங்கவிட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னைப் பெத்ததையே வாபஸ் வாங்கிடுவா."

வினார்சி உட்கார்ந்தாள். திரையில் முதல் வாளி நிறத்தை மீனுக்குள் ஊற்றியதுமே விபத்து. முக்ரி வால் நுனியில் தூரிகையைத் தூக்கின இடத்தில் மயிரிழை இடைவெளி. அது வழியாக நிறம் ஒழுகி, கோழி, வாத்து, சோறு எல்லாம் முழுகிப்போயின.

"தரையைத் தொடைக்கணுமாக்கா?" என்றான் காத்தோட்.

"உன் வாயைத் தொடைச்சா போதும்."

கோட்டைத் தொடக் கூடாது என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதனால் கோட்டுக்கு அடியில் இருந்த அடுக்கில் இரண்டே புள்ளி வைத்து இடைவெளியை அடைத்தாள். மேலே இருந்த கோடு காற்றில் தூக்கின தூரிகை மாதிரியே நின்றது. இப்படி அடைக்கிறவர் மலாங்கில் இன்னொருத்தர் இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

மதியத்துக்குள் முதல் மீன் தயார். முக்ரி பார்த்தார். "செத்திருக்கு."

இரண்டாவது பச்சை கலந்த கறுப்பு. "நேத்து செத்தது."

நாலாவதில் வயிற்றுக்கு வெளுப்புக் கொடுத்தாள். "இது வண்டியில வரும்போதே போயிடுச்சு."

ஒன்பதாவதில் தோலில் அவள் ஏற்றின ஈரப் பளபளப்பைப் பார்த்துக் கடைப்பூனை மேசையில் ஏறித் திரையை நக்கியது. காத்தோட் கைதட்டினான். வினார்சி முக்ரியைப் பார்த்தாள்.

"பூனை நக்குதுன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம். உசிரோட இருந்தா முள்ளால குத்தியிருக்கும்."

பதினோராவதும் செத்தது. வியாழன் காலை ஒன்பதரை மணி. அச்சடித்துக் காய நாலு மணி நேரம், கூடாரம் கட்ட இரண்டு மணி நேரம். தன் கையால் போன மீன்கள் பதினொன்று; எண்ண வினார்சிக்கு விரல் போதவில்லை. இவர் மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினால் அந்தக் காலண்டர் தாளும் கூடவே போகும். அப்படி ஒரு கோடு தன்னிடம் வந்து, தன்னால் உயிர் பெறாமல் போனது என்று இருக்கக் கூடாது.

பன்னிரண்டாவதைத் திறந்தாள். அவசரத்தில் கை தவறிவிட்டது. நிஜ நிறங்கள் மூடிக்கொண்டன. பைத்தியக்கார அடுக்கு பளிச்சென்று திறந்துகொண்டது. ஊதா மீன், ஆரஞ்சு மீசை, மஞ்சள் கண்.

"ஐயோ, இது இல்ல சாக், இது வந்து..." என்று மவுஸைப் பிடிக்கப் போனாள்.

"தொடாத!"

முக்ரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீந்துது" என்றார்.

காத்தோட் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

"பதினெட்டு வருஷமா அண்டாவைப் பார்த்துக்கிட்டு நிக்கிறவன் நான். நீ போட்ட பதினோரு நிறமும் அச்சு அசலா நிஜம், தங்கச்சி. அதான் வம்பு. ஒவ்வொண்ணையும் என் அண்டாவுல செத்த மீன்மேல பார்த்திருக்கேன். ஆனா இந்த நிறத்துல ஒரு மீன்கூட என் கையால செத்ததில்ல."

"அப்ப அடிச்சிடலாமா?" காத்தோட் யந்திரத்தை நோக்கி நகர்ந்தான்.

"நில்லுடா" என்றாள் வினார்சி. "இது நிறமே இல்ல, வெறும் அடையாளம். உசிரு அவர் கண்ணுல இருக்கு, துணியில இன்னும் வரல."

அப்புறம் இரண்டு மணி நேரம் அவள் செய்த காரியத்தைக் காத்தோட் இன்றைக்கும் நின்றுகொண்டுதான் சொல்லுவான். மீனின் முதுகுக்கு மங்குஸ்தான் தோலின் ஊதா. பக்கவாட்டில் அதையே மெல்ல நனைத்து, வயிற்றில் விடியற்கால வானம் மாதிரி கரைத்தாள். கோட்டின் வடிவம் அசையவில்லை. அதன் கறுப்பை மட்டும் வயிற்றுப்பக்கம் கருநீலமாக மாற்றினாள், சதையும் கோடும் ஒன்றாகிவிட்டன. கோழியையும் வாத்தையும் அடங்கின பழுப்புக்கு இறக்கினாள், மீன் ஒன்றுதான் துள்ளவேண்டும் என்று. கூடாரத்தில் விளக்கு துணிக்குப் பின்னால் எரியும், வெளிச்சம் நிறத்தைத் தின்னும். அதனால் ஒரு முழத் துண்டு அச்சடித்து, அதைக் குழல்விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, தின்னப்போகிற அளவை முன்கூட்டியே கூட்டி வைத்தாள்.

பிறகு திரும்பாமலே, "பாருங்க சாக்" என்றாள்.

முக்ரி தொப்பியைக் கழற்றினார். அதுதான் பதில்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கூடாரம் நின்றது. இடம் காலியாகுமென்று வண்டியோடு வந்து காத்திருந்த சாத்தே கடைக்காரன் முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தான். விளக்கைப் போட்டார்கள். மீன் வாலை ஆட்டியது. காற்று என்றான் காத்தோட். எதிரே தபாலாபீஸ் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வேறு விளக்கம் இருப்பவர்கள் தபாலாபீஸில் கேட்டுக்கொள்ளலாம்.

முக்ரி பேனர் முன்னால் போய் நின்று தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். பிறகு உள்ளே போய் எண்ணெயைக் காயவைத்தார்.

பைக்கை நிறுத்திவிட்டு வந்த ஒருத்தன் பேனரைக் காட்டினான். "அண்ணே, எனக்கு அந்த ஊதா மீன் ஒண்ணு."

"அவர் எங்க வீட்டு ஆளு" என்றார் முக்ரி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "கறுப்புதான் இருக்கு. சம்பல் காரமாவா, சுமாராவா?"

காத்தோட் இரண்டு மீன் கேட்டான். வினார்சியின் முன்னால் ஒரு தட்டு மீன் வந்தது. அவள் அதைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், தட்டைக் காத்தோட் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு டெம்பே இருந்தா கொடுங்க சாக்."

முக்ரி வாணலியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.  சோயாவில் செய்து பொரிக்கிற டெம்பே மூன்று துண்டு என்பது கடை வழக்கம். அவர் ஏழு வைத்தார்.