எழுநூற்று முப்பது சதுர அடி

நெட்டுக்குப்பத்தில் கோவிந்தம்மாவின் வீட்டுக்கு ஓர் அக்டோபர் மாத வியாழக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், முந்நூற்றுப் பத்து சதுர அடியில் ஒரு ஹால் வந்து சேர்ந்தது. மார்பிள் தரை, இரண்டு மின்விசிறி, சுவரில் பதித்த கண்ணாடி அலமாரி எல்லாம் கூடவே வந்தன. அன்று சங்கரா மீன் கிலோ முந்நூற்றைம்பதுக்குப் போனது, ஐஸ் தட்டுப்பாடு வேறு. குப்பத்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், பூச்சு நல்ல பூச்சுதான் என்று சொல்லிவிட்டு மீன் ஏலத்துக்குப் போய்விட்டார்கள். ஹால் நின்ற இடம் முந்தின நாள் வரைக்கும் கோவிந்தம்மா நெத்திலி காயப்போடுகிற மணல் திட்டு.

அந்த ஹாலை எழுதியவர் வரி மதிப்பீட்டாளர் அருள்பிரகாசம். கட்டியவர் என்று சொல்ல முடியாது, எழுதியவர்தான். சொத்து வரியைத் திருத்திய வருஷம் வீடு வீடாக அளக்க வந்த மனுஷன், கல்மண்டபத்தில் தான் கட்டிய புது வீட்டைப் பாதிரியார் வந்து மந்திரிக்கிற விருந்து வருகிறது, பத்து கிலோ வஞ்சிரம் அனுப்பி வை என்று கோவிந்தம்மாவிடம் சொன்னார். அவள் தலையிலிருந்த கூடையை இறக்காமலே, "அனுப்பறேன் சார், கிலோ எட்நூறு. ஆபீசருன்னு அம்பது ரூபா கொறச்சிக்கிறேன்" என்றாள். கூட நின்ற பெண்கள் சிரித்துத் தொலைத்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகிப் போனது. அவர் முகம் கறுத்து, டேப்பைப் பையிலிருந்து எடுக்காமலே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். இருப்பதோ நானூற்று முப்பது சதுர அடி வீடு. எவ்வளவு ஏற்றுவது? கைக்கு ஓர் அளவு வர வேண்டுமே! மூன்று வருஷமாகக் கொத்தனாரோடு மல்லுக்கட்டி அவருக்கு மனப்பாடமாகியிருந்தது தன் சொந்த வீட்டு அளவு ஒன்றுதான். அதையே அறை அறையாக எழுதினார். ஹால் முந்நூற்றுப் பத்து, படுக்கையறை நூற்றைம்பது, இன்னொன்று நூற்று நாற்பது, குளியலறை நாற்பத்தைந்து, போர்டிகோ எண்பத்தைந்து. சமையலறையை எழுதவில்லை, அதற்குள் டீ வந்துவிட்டது.

அரையாண்டுக்கு முந்நூற்று எண்பது ரூபாய் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு மூவாயிரத்து அறுநூற்று நாற்பது என்று சீட்டு வந்தது, அதுவும் மூன்று வருஷம் முன்தேதியிட்டு. எண்ணூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் அமான் பாய் பில் எண்ணைத் தட்டித் தேடிக் கொடுத்தார். நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு திரையைப் பார்த்தவர், "ஆயிரத்து நூத்தி அறுவது சதுர அடின்னு காட்டுது. எங்கம்மா கீது இவ்ளோ வூடு, கடலுக்குள்ளயா?" என்று கேட்டார். கோவிந்தம்மா வரி ஆபீசுக்கு நடந்தாள். பதினோரு நாள் நடந்தாள். வந்து அளந்து பாருங்கள் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அளக்கிற டேப் வேறு வார்டுக்குப் போயிருக்கிறது என்று பதினோரு நாளும் அருள்பிரகாசம் சொன்னார், டேப்பை மேசைமேல் வைத்துக்கொண்டே. பன்னிரண்டாம் நாள் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டினார்கள். கோவிந்தம்மாவின் புருஷன் தாமோதரன் தன் ஃபைபர் படகின் எஞ்சினைக் கழற்றி, பழவேற்காட்டு ஆள் ஒருவனிடம் விற்றுவிட்டு வந்தான். அன்று அவன் சாப்பிடவில்லை. இருபது வருஷம் சொந்தப் படகில் போனவன், மறுநாளிலிருந்து அடுத்தவன் படகில் பங்குக்குப் போனான். இதைத்தான் கோவிந்தம்மாவால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

பாக்கி மொத்தத்தையும் கவுன்டரில் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டவள், நேராக அருள்பிரகாசத்தின் மேசைக்குப் போய் நின்றாள். "துட்டு வாங்கிகினீங்க இல்ல? நீ எய்துன ஹாலு எங்க சார்? அத்தக் குட்துடு" என்றாள். ஆபீசே சிரித்தது. அடுத்த நாள் விடிகாலையில்தான் ஹால் வந்தது.

வந்த ஹாலில் ஒரு விசேஷம் இருந்தது. மணல் திட்டின்மேல் விழுந்து பழகிய வெயிலுக்கு அங்கே கூரை வந்தது உறைக்கவே இல்லை. காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை கான்கிரீட்டைத் தாண்டி நேரே மார்பிள்மேல் விழுந்துகொண்டிருந்தது. கோவிந்தம்மாவும் வழக்கம்போல நெத்திலியைப் பரப்பிவிட்டு, காக்காய்த் தொல்லை இல்லை, அனல் மின் நிலையத்துச் சாம்பல் விழுவதில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடி அலமாரியைத் துடைக்கும்போது உள்ளே ஒரு கேடயம் கிடைத்தது. சிறந்த பணியாளர், அருள்பிரகாசம் என்று அதில் பொறித்திருந்தது.

அன்றைக்கே அமான் பாயிடம் போய் அந்தப் பெயரைத் தேடச் சொன்னாள். கல்மண்டபத்தில் ஒரு கதவு எண் வந்தது, எண்ணூற்று இருபது சதுர அடி. ஷேர் ஆட்டோ ஏறிப் போய் எதிர்ச் சாரியில் நின்று பார்த்தாள். தெருக் கதவு திறந்ததும் நேராகப் படுக்கையறை, கட்டில்மேல் லுங்கியோடு அருள்பிரகாசம் இட்லி தின்றுகொண்டிருந்தார், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். கோவிந்தம்மா ஒரு பன்னீர் சோடா வாங்கி நிதானமாகக் குடித்தாள். வயிறு குளிர்ந்தது.

திரும்பி வந்தவளிடம் அமான் பாய், "ரிவிஷன் பெட்டிஷன் போட்டுடலாம்மா. உன் வூடு நானூத்தி முப்பதுதான்னு ஒரே ஒரு கையெய்த்து. கொறச்சிடுவாங்க, அந்தாளு ஹாலும் அவன்கிட்டயே பூடும்" என்றார். நல்ல யோசனைதான். கோவிந்தம்மா பேனாவைக் கையில் வாங்கிக்கூடப் பார்த்தாள்.

"வாணாம் பாய்" என்று மேசைமேல் வைத்துவிட்டாள். "ஒத்த அடி கொறைக்காத. அவன் எய்துன மொத்தமும் எனக்கு வோணும்."

அதன் பிறகு ஏப்ரல் முதல் தேதியும் அக்டோபர் முதல் தேதியும் கவுன்டர் திறப்பதற்கு முன்பே அவள் ஆபீஸ் வாசலில் நிற்பாள். முதல் மாதத்திலேயே கட்டினால் கிடைக்கிற தள்ளுபடியையும் விட்டதில்லை. எழுதிய வரிசைப்படி ஒவ்வொன்றாக வந்தன. ஏப்ரலில் பெரிய படுக்கையறை, கட்டிலும் கொசுவலையுமாக. அக்டோபரில் சின்னது. அடுத்த ஏப்ரலில் குளியலறையும் போர்டிகோவும் ஒரே ராத்திரியில் வந்து சேர்ந்தன, குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாமோதரனுக்கு மனசு கேட்கவில்லை. "போதும்டி கோயிந்து, அவன் பொண்டாட்டி இன்னா பண்ணா, பாவம்" என்றான். கோவிந்தம்மா சீறினாள். "எஞ்சின வித்துட்டு வந்து சோறு துன்னாம படுத்தியே, அன்னிக்கு எவன்யா பாவம்னான்?" தாமோதரன் வலையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

கல்மண்டபத்தில் மிஞ்சியது தொண்ணூறு சதுர அடி சமையலறை. அதில் அருள்பிரகாசமும் மனைவி ஜூடியும் கால் மடக்கிப் படுத்தார்கள். வரி மட்டும் எண்ணூற்று இருபதுக்கே வந்தது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் யாராவது வந்து அளக்க வேண்டும். அவர் ஆபீஸ் ஆட்களோ டேப் வேறு வார்டில் இருக்கிறது என்றார்கள், அது அவரே கற்றுக்கொடுத்த பதில். கட்டின வீட்டுக்குக் குளியலறை இல்லாமல் எத்தனை நாள் இருப்பது? ஒருநாள் ஜூடி முதல் பஸ் பிடித்து, கையில் பக்கெட்டோடு நெட்டுக்குப்பத்துக்கே வந்து, "அது என் பாத்ரூமுங்க" என்றாள். அவளோடு கோவிந்தம்மாவுக்குச் சண்டை ஒன்றும் இல்லை. "போய்க் குளிச்சிட்டு வாம்மா, வெந்நி வெக்கிறேன்" என்றாள். அதன்பின் ஜூடி தினமும் வந்தாள்.

கடைசியில் அருள்பிரகாசமே வந்தார். கையில் பூர்த்தி செய்த பெட்டிஷன், கோவிந்தம்மா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. முதல் நாள் கோவிந்தம்மா தான் வீட்டில் இல்லை என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்லி அனுப்பினாள். இரண்டாம் நாள் பேனா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது என்றாள். இப்படியே பதினோரு நாள், அவருடைய சொந்தப் போர்டிகோவிலேயே படியேறவும் விடாமல், வெயிலில் நிறுத்தினாள். குப்பமே வேடிக்கை பார்த்தது. பன்னிரண்டாம் நாள், "டேப்பு கொண்டாந்தியா சார்? அளந்து பாரு, நானூத்தி முப்பதுன்னு வந்தா போட்றேன்" என்று கதவைத் திறந்துவிட்டாள். ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷ சர்வீசில் அன்றுதான் அந்த ஆள் ஒரு வீட்டை மூலைக்கு மூலை அளந்தார். ஆயிரத்து நூற்று அறுபது. மறுபடி அளந்தார், ஓர் அங்குலம் கூடக் குறையவில்லை. பதிவேட்டில் பிழை இல்லாதபோது எதைத் திருத்துவது? நெத்திலிக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க எங்கம்மா போவோம்?"

"அளந்து பாருன்னு நானும் உன் ஆபீசாண்ட வந்து பதினோரு நாளு கேட்டேனே சார்." அவள் டேப்பைச் சுருட்டி அவர் மடியில் போட்டாள். "சின்ன ரூம வாடகைக்கு வுடறேன், ஜூடிக்காக. அட்வான்சு துட்டா வாணாம். என் வூட்டுக்காரரு எஞ்சினு வோணும். அதே எஞ்சினு."

அருள்பிரகாசம் பழவேற்காட்டுக்குப் போனார். வாங்கினவன் இரண்டு மடங்கு கேட்டான், கொடுத்தார். முகத்துவாரம் வரை ஆட்டோவில் கொண்டுவந்து, அதற்குமேல் மணலில் ஆட்டோ போகாது என்பதால், தோளில் சுமந்து வந்தார். ஆபீஸ் சட்டை முழுக்க எண்ணெய். படகோரம் நின்ற தாமோதரன், "மெதுவா, கீய வை" என்று மட்டும் சொன்னான். எஞ்சினைப் பொருத்தி, கயிற்றை நாலு தரம் இழுத்தான். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கரையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்ட கோவிந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏலத்துக்கு நேரமாகிறது என்று நடந்தாள்.

அடுத்த ஏப்ரல் முதல் தேதி அவளே வரி ஆபீசுக்குப் போய், வீட்டில் ஓர் அறை வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். வாடகைப் பகுதிக்கு வரி கொஞ்சம் கூடும், கூடட்டும் என்றாள். படிவத்தை வாங்கிச் சரிபார்த்து முத்திரை குத்தியவர் அருள்பிரகாசம். இப்போது தினமும் ஒன்பதரைக்கு அவர் பேன்ட்டை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹாலில் காய்கிற நெத்திலியை மிதிக்காமல் தாண்டி ஆபீசுக்குப் போகிறார். நெத்திலிக் கருவாடு கிலோ நானூறு. ஜூடிக்கு மட்டும் கோவிந்தம்மா ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுக்கிறாள். அவர் கேட்டால் நானூறுதான்.