ரைட் சொல்ல ஆள் இல்லாத கார்

கோவிந்தராசு இருபத்தெட்டு வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டினவர். ரிட்டையர் ஆன கையோடு ஒரு பழைய காரை வாங்கினார். கார் வாங்கினாரே தவிர, மனுஷன் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை என்று அவர் பெண்டாட்டி கமலம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகிற வழியில் எத்தனை பஸ் ஸ்டாப் உண்டோ அத்தனையிலும் அந்தக் கார் நிற்கும். ஆள் இருந்தாலும் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும். கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். நின்ற வண்டி மறுபடி நகர வேண்டுமென்றால், கண்டக்டர் மாதிரி யாராவது 'ரைட்' சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தேமேயென்று உட்கார்ந்திருப்பார். "ரைட்டு, ரைட்டு, கிளம்புங்க, நேரமாவுது" என்று கமலம் அதட்டினால்தான் கியர் விழும்.

கமலத்துக்கு விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனியில் வேலை. தினம் சாயங்காலம் அவளைக் கூட்டிவரக் கார் போகும். போகிற வழியில் ஸ்டாப்பில் யார் நின்றாலும் ஏறிக்கொள்ளலாம். தெரிந்தவர், தெரியாதவர் என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷனிடம் பெற்ற பெண் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. காரணமும் இந்தப் பாழாய்ப்போன ஸ்டாப்புதான்.

வெண்பா காலேஜ் முடித்த வருஷம் சென்னையில் ஒரு இன்டர்வியூ வந்தது. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்க, அப்பா ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறினாள். அன்றைக்கென்று பஸ் லேட்டாகக் கிளம்பியது. கோவிந்தராசு ஒரு ஸ்டாப்பைக்கூட விடவில்லை. ஒரு இடத்தில், இடுப்பில் பிள்ளையோடு வரப்பில் ஓடிவந்த பொம்பளைக்காக வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜங்ஷனுக்குள் வெண்பா ஓடியபோது ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"எனக்காக ஒரே ஒரு ஸ்டாப்பைத் தாண்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"அவங்களும் யாரோ பெத்த பொண்ணுங்கதானம்மா" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது? அன்றைக்கு வாயை மூடியவள்தான். அப்புறம் சேலத்தில் வேறு வேலை கிடைத்தது, நன்றாகத்தான் இருக்கிறாள். கோபம் மட்டும் போகவில்லை. ஊருக்கு வந்தால் எல்லாம் அம்மா வழியாகத்தான். "அவரைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்பாள் இவள். "உன் பொண்ணுக்கு மீன் வாங்கியாரட்டுமான்னு கேளு" என்பார் அவர். ஒரே வூட்டுக்குள் கமலம் தபால்காரி மாதிரி அலைந்தாள்.

இந்தத் தடவை இரண்டு நாள் லீவில் வந்த வெண்பா திரும்பக் கிளம்பும் நாளில், கம்பெனியில் சூளை திறக்கிற வேலை. கமலம் லீவு போட முடியாது. மூணே முக்கால் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று ஸ்டாப்பில் நின்ற வெண்பாவுக்கு பஸ்ஸும் வரவில்லை, ஆட்டோவும் கிடைக்கவில்லை. சேலம் ரயில் நாலு நாப்பதுக்கு. அம்மாவுக்குப் போன் போட்டபோது மணி நாலே கால்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம உங்கப்பா காருல ஏறு" என்றாள் கமலம்.

ஸ்டாப்புக்கே வந்த காரில் வெண்பா ஏறினாள், பின் சீட்டில். ரைட்டுக்குக்கூடக் காத்திராமல் கோவிந்தராசு வண்டியை எடுத்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்பனும் பெண்ணும் தனியாக, நடுவில் தபால்காரி இல்லாமல்.

டேஷ்போர்டில் ஒரு வெள்ளைப் பீங்கான் பிள்ளையார் இருந்தார். ஒரு காதில் பளபளப்பு ஏறவில்லை என்று கம்பெனியில் கழித்துப் போட்டதைக் கமலம் எடுத்துவந்து ஒட்டியிருந்தாள். கோவிந்தராசு அவரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளையாரே, வெயில் அடிக்குது. கண்ணாடியை ஏத்தட்டுமான்னு கேளும்."

வெண்பா பின் சீட்டிலிருந்து பிள்ளையாரை எட்டிப் பார்த்தாள்.

"காத்து வரட்டும்னு சொல்லும், பிள்ளையாரே" என்றாள் வெண்பா.

அதற்கே அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இன்றைக்கு எப்படியாவது இவளை ரயிலில் ஏற்றிவிட வேண்டும், தலையே போனாலும் எங்கேயும் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார். வேறென்ன செய்து அந்தப் பழைய நாளை அழிப்பது? அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

முதல் ஸ்டாப் வந்தது. கால் பிரேக்குக்குப் போனது. அதை இழுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்தார். நின்றிருந்த இரண்டு பேர் கையை நீட்டியபடியே பார்த்தார்கள். அடுத்த ஸ்டாப்பையும் தாண்டினார். அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிற மாதிரி இருந்தது.

நாலாவது ஸ்டாப்பில் பூவாயி நின்றாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, சாயங்கால டூட்டி. தினமும் இந்தக் காரில்தான் போகிறவள். காரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, குடையை மடக்கி, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைத் திறக்கத் தோதாக ரோட்டோரம் வந்து நின்றாள். கோவிந்தராசு தாண்டிப் போனார். கண்ணாடியில் பார்த்தால், அவள் நாலு எட்டு ஓடிவந்து, அப்புறம் நின்றுவிட்டாள். அடுத்த பஸ் எப்போது வருமோ, லேட்டானால் அவளை என்ன திட்டு திட்டுவார்களோ.

வெண்பாவும் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் திரும்பினாள். கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது.

"அப்பா, நிறுத்துங்க."

பிள்ளையாரிடம் சொல்லவில்லை. கோவிந்தராசு போட்ட பிரேக்கில் பிள்ளையாரே ஆடிப்போனார்.

"ரயிலு போயிடும்மா."

"தெரியும். ரிவர்ஸ் எடுங்க."

மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தாள் பூவாயி. "என்னண்ணே, கண்ணு தெரியலையா? பிரேக்கு புடிக்கலையோன்னு பயந்தே பூட்டேன்." பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "சேலத்துப் பொண்ணு நீதானா? தினமும் உம்பேச்சுதான் கண்ணு. அங்க பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தியாமே, புள்ளைக்கு உக்கார எடம் கெடைக்குதோ, நின்னுக்கிட்டே போவுதோன்னு புலம்பிக்கிட்டே வருவாரு." வண்டி நகரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அட, ரைட்டுண்ணே."

கார் கிளம்பியது. வெண்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விருத்தாசலம் பாலக்கரையில் பூவாயியை இறக்கிவிட்டு ஜங்ஷனுக்குப் போனபோது மணி நாலு நாப்பத்தாறு. ரயில் போய்விட்டிருந்தது. பிளாட்பாரத்தில் டீ விற்கிறவர் கேனைக் கீழே வைத்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். மகளின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த கோவிந்தராசு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கும் விட்டுட்டேனேம்மா" என்றார்.

"நிறுத்தச் சொன்னது நான்தானேப்பா. காலையில மொத பஸ்ஸுல போறேன். கொஞ்சம் லேட்டாவும், ஆவட்டும்."

அம்மாவுக்குப் போன் போட்டாள். ரயில் போய்விட்டது, ராத்திரி வூட்டில்தான் சாப்பாடு என்றாள். கமலத்துக்குப் பகீரென்றது. வேலை முடிந்ததும் கம்பெனி வேனிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, பயந்தபடி கேட்டாள்: "மறுபடியுமாடி? உங்கப்பாகிட்ட நான் எதுனா சொல்லணுமா?"

"வேணாம்மா. நானே சொல்லிக்கிறேன்."

இந்தத் தடவை முன் சீட்டில் ஏறினாள். பாலக்கரை ஸ்டாப் வந்தது. அவர் கால் பழையபடி பிரேக்குக்குப் போய், கார் நின்றது. ஸ்டாப்பில் ஒரு ஆள் இல்லை. "பழக்கம்மா, விட மாட்டேங்குது" என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டு, கோவிந்தராசு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெண்பா கதவு சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"போலாம்ப்பா, ரைட்."

மங்கலம்பேட்டை வரைக்கும் ஸ்டாப்புக்கு ஸ்டாப் கார் நின்றது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் அவள் சொன்னாள். நடுவில், ஸ்டாப்பே இல்லாத ஒரு இடத்திலும் கோவிந்தராசு ஒரு தடவை நிறுத்தினார். வெண்பா சுற்றிலும் வயலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அதற்கும் ரைட் சொன்னாள்.